சொல்வதை எழுதுபவர்

எங்கள் அலுவலகத்துக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே சொல்லில்தான் தொடங்கும். இருட்டு. வணக்கம் கிடையாது, யார் பேசுவது என்ற பேச்சும் கிடையாது. "ஒரே இருட்டா இருக்கு" என்பார்கள். "எங்க தெரு மட்டும்தான் இருட்டு, எதிர்த் தெருவுல எரியுது, அவங்க மட்டும் என்ன ஒசத்தி?" என்பார்கள். நான் மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. பதினோரு வருடமாக அதே நாற்காலி. நடுவில் ஒருமுறை அதற்குக் கால் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

வருகிற புலம்பலைக் கேட்டு ஒரு வரியாக்கிப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. ஒருவர் பத்து நிமிடம் பேசுவார். மாமனார் கட்டிலிலிருந்து தடுமாறி விழுந்தது, மகளுக்கு மறுநாள் பரீட்சை, குளிர்பெட்டிக்குள் வைத்த ஊசி மருந்து கெட்டுப்போவது, போன மாதம் வந்த ஆள் ஏணியை மட்டும் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனது, எல்லாம் வரும். நான் எழுதுவது: "வீட்டு இணைப்பு. தடை. காலை 10.20." மாமனாருக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமனாரையும் எழுதிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கதை எழுதறீங்களாம்மா?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், நான் செய்த காரியத்துக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. கைப்பழக்கம் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதியையும் சொல்கிறேன்.

அந்த அழைப்புகளை எனக்கு இணைத்துத் தருபவள் ஆபரேட்டர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வரும், மற்றபடி எல்லோருக்கும் அவள் ஆபரேட்டர்தான். பிறவியிலேயே பார்வை கிடையாது. முப்பத்தாறு வயது. தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே, தலை இடிக்கிற ஓர் அறை அவளுடையது. இரண்டாம் மாடியில் இருக்கிற எனக்கு இணைப்புக் கொடுக்கும்போது, "அக்கா, ஒரு இருட்டு வருது, பிடிங்க" என்பாள். பேசுகிறவர் கோபக்காரர் என்றால், "அக்கா, இது பெரிய இருட்டு." புதிதாக வந்த எழுத்தர்களிடம், "நேத்து ராத்திரி டிவி பார்த்தேன், ஒரே அறுவை" என்று சொல்லிவிட்டு, அவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் விழிப்பதைக் காதால் கேட்டு ரசிப்பாள். அவள் வாய்க்குப் பயந்தே சிலர் படியில் சத்தமில்லாமல் ஏறுவார்கள். ஏறினாலும் யாரென்று சொல்லிவிடுவாள்.

அந்த வருடம் தொலைபேசி இணைப்பகத்தை மூடப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் இயந்திரமே பேசும், புகாருக்கு ஒன்றை அழுத்த வேண்டும். ஆபரேட்டருக்கு இரண்டு வழி விட்டிருந்தார்கள். முதுகலைப் பட்டம் இருந்தால் பயிற்சிப் பிரிவில் ஆசிரியர் வேலை. இல்லையென்றால் பொருட்கிடங்கில் ஒரு நாற்காலி. அங்கே போனவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் கேள்விப்பட்டதில்லை. "சும்மா உட்கார வெச்சிருப்பாங்கக்கா. சாயந்தரம் ஆனதும் எழுப்பி விடுவாங்க" என்றாள்.

அஞ்சல் வழியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாத் தாளும் தேறிவிட்டாள், நாவல் தாள் மட்டும் பாக்கி. முதல் முறை ஆறு மதிப்பெண்ணில் போயிற்று, இரண்டாம் முறை நான்கில். மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இதுதான் கடைசி.

பார்வை இல்லாதவர்கள் பரீட்சை எழுதும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல எழுதித் தருவார். விண்ணப்பத்தில் அந்த ஆளுக்கு ஒரு பெயர் அச்சிட்டிருக்கிறார்கள்: சொல்வதை எழுதுபவர். அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கக் கூடாது என்பது விதி.

"நீங்க தாவரவியல்தானே படிச்சீங்க?" என்று போனில் கேட்டாள்.

"ஆமா. அதுவும் மறந்துபோச்சு."

"அப்ப நீங்கதான்க்கா சரி. பதினோரு வருஷமா ஊர் சொல்றதையெல்லாம் எழுதறீங்க. உங்களைவிட யாரு இருக்கா?"

சரி என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. அப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் குளிக்கப் போனவர் வரவில்லை. நான் அழவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அழுகை வரவில்லை. பதிமூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் முன்னறையில் அவருடைய நாற்காலிக்கு எதிர் நாற்காலியில், விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். வேறொன்றும் செய்வதில்லை. சும்மா இருப்பேன், அது போதுமாக இருந்தது.

அண்ணன் ஒருநாள் வந்தான். "ஏன் இப்படி இருட்டுல உட்கார்ந்திருக்கே? பார்க்கவே பயமா இருக்கு" என்றான். அடுத்த ஞாயிறு ஆளைக் கூட்டிவந்து அறைக்கு இரண்டாகக் குழல்விளக்கு மாட்டினான். முன்னறையில் ஆள் அசைந்தாலே தானாக எரிகிற விளக்கு ஒன்று. "நீ போட மறந்தாலும் அதுவே எரியும்" என்று அதன் கீழே கையை ஆட்டிக் காட்டினான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவன், என் மேல் உயிரையே வைத்திருப்பவன், குறை சொல்ல மாட்டேன். அவன் போன பிறகு அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டேன். அசையாவிட்டால் மூன்று நிமிடத்தில் அணைந்துவிடும்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு ஆபரேட்டரை ஆட்டோவில் அழைத்துப் போனேன். எங்களுக்குத் தனி அறை, மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் கூடுதல். மணி அடிக்க இன்னும் அரைமணி இருந்ததால் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆபரேட்டர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பெண்கள் கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேட்க, இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "ஒளி என்பது நாகரிகத்தின் குறியீடு. இருள் என்பது அறியாமையின் குறியீடு. அறியாமை இருளில் மூழ்கிய மக்களிடையே நாயகன் ஒளியின் தூதனாக வருகிறான்." தப்பினால் மறுபடி முதலிலிருந்து. இருபது நிமிடத்தில் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் பதிவேட்டுக் குறியீடுகள் மனப்பாடமானதும் இப்படித்தான்.

"இதைத்தான் எல்லாரும் எழுதுவாங்களா?" என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"எழுதுவாங்க. தேறிடுவாங்க" என்றாள்.

"நீ ஏன் எழுதல?"

"நான் புத்தகத்தைப் படிச்சுட்டேனேக்கா" என்று சிரித்தாள்.

அறையில் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். உடற்பயிற்சி ஆசிரியராம். கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மைதானத்தில் யாரோ தவறாக ஓடுவதைப் பார்த்து மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தார். நான் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். முதல் மூன்று கேள்விகளுக்கும் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். "நான் பேசற மாதிரி சொல்லுவேன், நீங்க எழுதற மாதிரி எழுதிக்கோங்க" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதனால் 'இருக்குது' என்று சொன்னால் 'இருக்கிறது' என்று எழுதினேன். அவ்வளவுதான் திருத்தம்.

நான்காவது கேள்வி இருபது மதிப்பெண். "பாடமாக உள்ள நாவலில் ஒளியும் இருளும் ஏகாதிபத்தியத்தின் குறியீடுகளாக அமையுமாற்றை விளக்குக."

நாவலின் கதையை அவள் ஆட்டோவிலேயே எனக்குச் சொல்லியிருந்தாள். ஒரு பெரிய ராஜ்ஜியம் கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு ஊரைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஊருக்குத் தெருவிளக்குக் கம்பம் நடுவதற்கு ஓர் அதிகாரி வருகிறார். பகலில் நடுகிற கம்பங்களை ஊர்க்காரர்கள் பொழுது சாய்ந்ததும் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். அவர் மறுபடி நடுகிறார். முந்நூறு பக்கம் இதுதான். எங்கள் கம்பப் பிரிவுக்காரர்கள் படித்தால் கண்ணீர் விடுவார்கள் என்றாள்.

ஆபரேட்டர் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"ஒளி எது, இருள் எதுன்னு பேசறதுக்கு முன்னாடி, விளக்கு யார் கையில இருக்குன்னு கேக்கணும். விளக்கைப் பிடிச்சிருக்கிறவர் முகம் யாருக்கும் தெரியாதுன்னு சொல்றாங்க. வெளிச்சம் எதிர்ல நிக்கிறவங்க மேலதான் விழுமாம். எனக்கு இது கேள்விப்பட்டதுதான். இந்த நாவலும் அப்படித்தான் இருக்கு. அதிகாரி ஊரைப் பாத்துக்கிட்டே இருக்கார். ஊர் அவரைப் பாக்கற ஒரு பக்கம்கூட இல்ல."

நான் பேனாவைத் தாளில் வைத்தேன். எனக்கு அந்த நேரத்தில் கோபமோ பதற்றமோ எதுவும் இல்லை. ஆறு மதிப்பெண், நான்கு மதிப்பெண் என்று மட்டும் நினைத்தேன். இப்படிச் சொல்லித்தான் இரண்டு முறை போயிருக்கிறது. கிடங்கில் ஒரு நாற்காலி, சாயங்காலம் ஆனதும் எழுப்பிவிடுவார்கள். என் கை எழுதியது: "இந்நாவலில் ஒளி நாகரிகத்தின் குறியீடாகவும் இருள் அறியாமையின் குறியீடாகவும் கையாளப்பட்டுள்ளன."

ஒரு நீண்ட புலம்பலை ஒரு வரியாக்குகிற அதே கைதான். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் இருந்ததற்குத்தான் சாக்கு கிடையாது.

அவள் பேச்சை நிறுத்தினாள். "அக்கா, நான் நிறையச் சொன்னேன். பேனா கொஞ்சமாத்தானே ஓடுச்சு?"

எனக்கு முதுகு சில்லிட்டிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. "பொடி எழுத்தா எழுதறேன். நீ சொல்லு" என்றேன்.

அதற்குப் பிறகு கவனமாக இருந்தேன். அவள் பேசுகிற நேரம் முழுவதும் பேனா ஓட வேண்டும். அவள் நிறுத்தும்போது அதுவும் நிற்க வேண்டும். அவள் சொன்னாள்: "அதிகாரி வர்றதுக்கு முன்னாடியும் அந்த ஊர்ல கல்யாணம் நடந்துச்சு, பிள்ளை பெத்தாங்க, அண்ணன் தம்பி வரப்புக்குச் சண்டை போட்டாங்க. எழுதினவருக்கு அது ஒண்ணும் தெரியல. தனக்குத் தெரியாததுக்கெல்லாம் இருட்டுன்னு பேர் வெச்சுட்டார். பேர் வெச்சதும் விளக்கு கொண்டுவர்றதுக்கு ஒரு காரணம் கெடச்சுடுச்சு." நான் எழுதினேன்: "அறியாமை இருளில் மூழ்கிய மக்களிடையே நாயகன் ஒளியின் தூதனாக வருகிறான். விளக்குக் கம்பம் முன்னேற்றத்தின் அடையாளம்." அவள் மூன்றரைப் பக்கத்துக்குச் சொன்னாள். நானும் மூன்றரைப் பக்கம் எழுதினேன். நடைவழியில் கேட்டது தீர்ந்துபோனதும் அதையே முன்பின்னாக மாற்றிப் போட்டேன். ஒன்றும் கஷ்டமாக இல்லை. அந்தப் பேச்சு ஒரு தடவை ஆரம்பித்தால் தானாகவே நீளக்கூடியது.

காது மட்டும் அவள் பக்கம் இருந்தது. அது எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போனில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவருடைய புகாரை எழுதி முடிப்பதுண்டு. இரண்டும் தனித்தனியாக நடக்கும்.

முடித்ததும், "நாலாவதை மட்டும் படிச்சுக் காட்டுங்கக்கா" என்றாள்.

தாளைக் கையில் எடுத்தேன். கண் அந்த மூன்றரைப் பக்கத்தின் மேல் இருந்தது. வாய், அவள் சொன்னதைச் சொன்னது. விளக்கு யார் கையில் என்பதிலிருந்து தொடங்கி வரிசையாக வந்தது. நடுநடுவே, "ம்" என்றாள். இடையில் ஒரு வரிக்கு மட்டும் தலையை ஒருபக்கம் சாய்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை, "ம்" என்றுவிட்டாள். நான் மேலே போனேன். உடற்பயிற்சி ஆசிரியர் திரும்பிப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று சைகை காட்டினார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை நல்லா வந்துச்சுக்கா. போனா போகட்டும், ஆனா சொல்ல நினைச்சதைச் சொல்லிட்டேன்" என்றாள். அவள் உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. நான் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

தேறிவிட்டாள். ஐம்பது வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டு. அலுவலகம் முழுக்க இனிப்புக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் ஒரு சின்னப் பேச்சுப் பேசினார், கண் இருக்கிற நாமெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்றார். அவள், "நீங்க எல்லாரும் தாராளமா வெட்கப்படலாம் சார்" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் இரண்டு இனிப்பு. சாப்பிட்டேன், இனித்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் விடைத்தாளின் நகல் கேட்டு எழுதிப் போட்டாள். மதிப்பெண் பத்தவில்லை என்றால்தான் பொதுவாக அதைக் கேட்பார்கள். தேறியவள் ஏன் கேட்கிறாள் என்று நான் கேட்டேன்.

"முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் நான் நினைச்சதை ஒத்துக்கிட்டிருக்கார். அதை வாங்கி வெச்சுக்கணும்க்கா. பயிற்சிப் பிரிவுல முதல் வகுப்புக்கு அதையே எடுத்துட்டுப் போகப்போறேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்வதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. சரி என்றேன்.

நகல் வந்தது எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலையில் முதல் இணைப்புக் கொடுக்கும்போது அவள், "புகார்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. 'இருட்டு வருது' இல்லை, 'அக்கா' இல்லை. செவ்வாயும் அப்படி. புதனும் வியாழனும் அப்படி. நான்கு நாளில் நூற்றுச்சொச்சம் அழைப்புகளை எனக்குக் கொடுத்திருப்பாள். ஒவ்வொன்றுக்கும் "புகார்."

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மேலே வந்தாள். அந்த ஒரு மணி நேரம் போன் எல்லாம் வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அவள் இரண்டு மாடி ஏறி வந்து நான் பார்த்ததில்லை. கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே வந்து, என் மேசை விளிம்பைக் கண்டுபிடித்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் துணிப்பை.

"தம்பி பொண்டாட்டியைப் படிக்கச் சொன்னேன்" என்றாள். "மூணு கேள்வி வரைக்கும் என் குரல்தான் கேட்டுச்சு. நாலாவது பாதியில நிறுத்திட்டா. 'அண்ணி, நீங்க இப்படியா நினைக்கிறீங்க?'ன்னு கேட்டா."

நான் சாப்பாட்டுப் பெட்டியை ஓரமாக நகர்த்தினேன்.

"அறியாமை இருளில் மூழ்கிய மக்கள். இருபதுக்குப் பதினஞ்சு. ஓரத்துல 'நன்று'ன்னு எழுதியிருக்காராம்."

"நீ தேறணும்னுதான்" என்றேன்.

"தெரியும்க்கா. கெட்ட எண்ணத்துல செய்யலன்னு தெரியும். அந்த அதிகாரியும் கடைசி அத்தியாயத்துல இதையேதான் சொல்றார். உங்க நல்லதுக்குத்தான்னு."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புகார்ப் பிரிவில் இருப்பவளுக்குக் கோபம் பழக்கம், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். அவள் ஒரு விலாசத்தை விசாரிக்கிறவள் போலத்தான் பேசினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். "சொன்னா தேர்வையே ரத்து பண்ணிடுவாங்க. திங்கக்கிழமை நான் பயிற்சிப் பிரிவுல சேரணும். உங்க பதினஞ்சு இல்லாம நான் தேறல. கூட்டிப் பாத்துட்டேன். அந்தப் பதினஞ்சை வெச்சுக்கிட்டு உங்ககூடச் சண்டையும் போட முடியல. அதுதான் நாலு நாளா கஷ்டமா இருக்கு."

"நான் என்ன செய்யணும்?"

"நான் அன்னைக்கு என்ன சொன்னேன்னு சொல்லுங்க." பையிலிருந்து பிரெய்ல் எழுதுகிற சட்டத்தையும் கெட்டித் தாளையும் மரப்பிடி போட்ட குத்தூசியையும் எடுத்து மேசை மேல் வைத்தாள். "எனக்கு மறந்துபோச்சு. அந்த நேரத்துல அதுவா வந்தது. தாள்ல இருக்குன்னு நினைச்சு நான் ஞாபகம் வெச்சுக்கல. இப்ப அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

தாளைச் சட்டத்தில் செருகி, ஊசியை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். பரீட்சை அறையில் நான் உட்கார்ந்திருந்ததும் இப்படித்தான், ஆள்தான் மாறியிருந்தது.

சொன்னேன். விளக்கு யார் கையில் என்பது வந்தது. விளக்கைப் பிடித்திருப்பவர் முகம் தெரியாது என்பது வந்தது. ஊசி டக் டக்கென்று தாளில் குத்திக்கொண்டு போயிற்று. தெரியாததுக்கு இருட்டு என்று பேர் வைத்துவிட்டார் என்று சொன்னபோது, "ஆமா, அதை நான் சொன்னேன்" என்றாள், முகம் கொஞ்சம் தெளிந்தது. அதற்கடுத்து அவள் கம்பத்தைப் பிடுங்குகிறவர்களைப் பற்றி ஒரு பத்தி முழுக்கச் சொல்லியிருந்தாள். அது வரவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தேன். கண்ணை மூடினேன், அந்த அறையை நினைத்தேன், உடற்பயிற்சி ஆசிரியரின் முதுகை நினைத்தேன். அந்த இடத்தில் எனக்கு நானே எழுதிய 'விளக்குக் கம்பம் முன்னேற்றத்தின் அடையாளம்' மட்டும்தான் வந்தது, அது மட்டும் எழுத்துப் பிசகாமல்.

"போயிடுச்சு" என்றேன்.

"சரி. இடம் விட்டுடறேன்" என்று ஊசியை நான்கு வரி கீழே நகர்த்தினாள். "அப்புறம்?"

"அப்புறம், 'இருட்டுங்கிறது காலி இடம் இல்ல. அங்க ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். விளக்கைப் போட்டதும் அவர் எழுந்து போயிட வேண்டியிருக்கு'ன்னு சொன்னே."

ஊசி குத்தவில்லை. அவள் தலையை ஒருபக்கம் சாய்த்தாள்.

"இது நான் சொன்னதில்லக்கா."

"நீதான் சொன்னே. அன்னைக்கே படிச்சுக் காட்டினேனே."

"படிச்சுக் காட்டும்போதே தோணுச்சு, இதை நாம சொல்லலையேன்னு. நல்லாருந்துச்சு, விட்டுட்டேன்." சட்டத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, எனக்கு இருட்டுன்னா என்னன்னே தெரியாது. பார்வை இல்லாதவங்களுக்கு எல்லாமே இருட்டா இருக்கும்னு நீங்கல்லாம் சொல்றீங்க. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. இருட்டுல உட்கார்றது எப்படி இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. அதை உட்கார்ந்தவங்கதான் சொல்லியிருக்கணும்."

கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் இருந்தது. முன்னறை நாற்காலியும், எதிரில் அவர் நாற்காலியும், நான் கையைத் தூக்கினால் பளிச்சென்று எரிகிற விளக்கும், அது எரிந்ததும் எதிர் நாற்காலி வெறும் நாற்காலியாகிவிடுவதும் என் கண்முன் வந்தன.

"எத்தனை நாள் உட்கார்ந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம்."

அத்தனை மாதமாக என் வாயிலிருந்து வராத ஒன்று, அவளுடைய பேச்சுக்கு நடுவில் அவளுடையது என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. அவள் சொன்ன மூன்றரைப் பக்கத்தை நான் தாளில் ஏற்றவே இல்லை. அவளோ நான் சொன்ன ஒரே ஒரு வரியைக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று இடம் கொடுத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் இறந்த பிறகு எனக்குத் தோன்றிய முதல் உணர்ச்சி அதுதான். முகமெல்லாம் சூடானது.

ஆபரேட்டர் ஊசியைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்களுது. இதையும் எழுதிக்கவா?" என்று கேட்டாள்.

இடைவேளை முடிந்து, மேசை மேல் இருந்த போன் அடிக்கத் தொடங்கியது; கீழே எடுக்க ஆள் இல்லையென்றால் அழைப்பு நேராக மேலே வந்துவிடும். நான் எடுக்கவில்லை. அவளும் எழுதவில்லை. நான் சொல்வதற்காக ஊசியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.